எகிறிய மின்கட்டணமும் மூவாயிரம் ரூபாய்க் கருவிகளும்: ஒரு வாடகைதாரரின் மதிப்புரை

வாடகை வீட்டில் மின்கட்டணம் திடீரென்று இரண்டு மடங்காகும்போது, அது யார் தலையில் விழ வேண்டும் என்ற கேள்விக்கு விடை காண உதவும் என்று நம்பி, இந்த ஆண்டு கோடையில் இரண்டு கருவிகளை வாங்கினேன். ஒன்று, பிளக் பாயின்ட்டில் செருகி, அதன் மேல் ஃபிரிட்ஜையோ தொலைக்காட்சியையோ மாட்டினால் எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும் சிறிய வாட்மீட்டர். விலை 1,150 ரூபாய். மற்றொன்று, வயரைத் துண்டிக்காமல் அதைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர். விலை 1,900 ரூபாய். இரண்டின் நிறுவனப் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற கருவிகளே பத்துப் பெயர்களில் இணையச் சந்தையில் கிடைப்பதால், பெயரைச் சொல்வதால் வாங்குபவருக்குப் பெரிய பயன் இல்லை.

முதலில் நிலவரம். சென்னையில் இரண்டு தளம் உள்ள பழைய தனி வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் குடியிருக்கிறோம். கீழே வீட்டு உரிமையாளரான அம்மாவும் அவருடைய மூத்த சகோதரியும் இருக்கிறார்கள். மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி மின் இணைப்பு, தனித்தனி மீட்டர். வாடகை ஒப்பந்தத்தில் மின்கட்டணத்தைப் பற்றி இருப்பது ஒரே வரிதான்: மீட்டரில் காட்டியபடி வாடகைதாரர் செலுத்த வேண்டும். எங்கள் வீட்டில் ஏசி இல்லை. சென்ற ஆண்டு இதே கோடை மாதங்களில் இரண்டு மாதக் கணக்கெடுப்புக்கு 420 யூனிட் வந்தது. இந்த ஆண்டு வந்தது 780.

யூனிட் இரு மடங்கு ஆகவில்லை என்றாலும் தொகை மூன்றரை மடங்கு ஆகிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆகவே 420 யூனிட்டுக்கு 1,301 ரூபாய். ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ப் படியே மறைந்துவிடுகிறது. 101 முதல் 400 வரை முழுவதும் 4.70 ஆகி, அதற்கு மேல் 6.30, 8.40, 9.45, 10.50 என்று படிகள் ஏறுகின்றன. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டுபவர் 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு கட்டுகிறார்; அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. எங்களுடைய 780 யூனிட்டுக்கு வந்தது 4,581 ரூபாய்.

வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னபோது, “வெயில் காலம் தம்பி, எல்லா வீட்லயும் அப்படித்தான் வருது” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நம் தரப்பில் எண் எதுவும் இல்லாமல் “நாங்கள் அவ்வளவு ஓட்டவில்லை” என்று சொல்வது புலம்பலாகவே கேட்கும். மீட்டரைச் சோதிக்க மின்வாரியத்தில் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம் என்றாலும், இணைப்பு அவர் பெயரில் இருப்பதால் அதற்கும் அவருடைய ஒத்துழைப்பு தேவை. இந்த நிலையில்தான் வாட்மீட்டரை வாங்கினேன்.

வாட்மீட்டரை ஒரு வாரம் வீடு முழுவதும் சுற்ற விட்டேன். ஃபிரிட்ஜில் ஒரு நாள் முழுவதும் மாட்டியதில் 1.4 யூனிட் காட்டியது. தொலைக்காட்சியும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து அரை யூனிட். இரண்டு மடிக்கணினிகளுக்கு அரை யூனிட். துணி துவைக்கும் இயந்திரம், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை வார அளவில் கணக்கிட்டு நாளுக்குப் பகிர்ந்தால் 0.6, வைஃபை பெட்டியும் குடிநீர்ச் சுத்திகரிப்பானும் 0.3. மின்விசிறியையும் விளக்கையும் இந்தக் கருவியில் மாட்ட முடியாது. ஆகவே நான்கு விசிறிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு நாற்பது மணி நேரம் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 75 வாட் என்று கொண்டு 3 யூனிட், விளக்குகளுக்கு அரை யூனிட் என்று கையால் கணக்கிட்டுச் சேர்த்தேன். மொத்தம் 6.8 யூனிட், அறுபது நாளைக்கு 408. சென்ற ஆண்டின் 420 யூனிட்டுடன் இது ஏறத்தாழப் பொருந்துகிறது. மின்வாரிய மீட்டரோ நாளொன்றுக்கு 13 யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஆறு யூனிட் எங்கோ போகிறது என்பது இதனால் உறுதியாயிற்று. இவ்வளவுக்குத்தான் இந்தக் கருவி பயன்படும்; எங்கே போகிறது என்பதை அதனால் சொல்ல முடியாது.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளக் பாயின்ட்டுகளில் செருகினால் திரை தலைகீழாகிவிடுகிறது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் பாயின்ட்டில் மாட்டிவிட்டு, கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்துத்தான் எண்ணைப் படிக்க முடிந்தது. இரண்டாம் நாள் அரை மணி நேரம் மின்சாரம் நின்றபோது அதுவரை சேர்ந்த கணக்கு அழிந்துவிட்டதால், ஃபிரிட்ஜ் கணக்கை முதலிலிருந்து எடுக்க நேர்ந்தது. இரண்டு வாட்டுக்குக் கீழ் எதை மாட்டினாலும் பூஜ்யம் காட்டுகிறது. ஏசி, கெய்சர் ஆகியவற்றின் தடித்த பின் இதில் நுழையாது. பல வீடுகளில் சந்தேகத்துக்கு உரியவை அவை இரண்டுமே என்பதால், ஏசி உள்ள வீட்டுக்காரர்கள் இதை வாங்குவதில் பொருளில்லை.

அடுத்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கும் பழைய சோதனை. இதற்குக் காசு செலவில்லை. மின்வாரிய மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும்; எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டில் எதுவும் ஓடாதபோது அந்தத் துடிப்பு நின்றுவிட வேண்டும். நான் ஒரு காலைப் பொழுதில் பத்து மணிக்கு மெயினை அணைத்துப் பார்த்தேன், விளக்கு துடிக்கவில்லை. வயரிங்கில் கோளாறு எதுவும் இல்லை என்று முடிவு செய்து, மீட்டரே தவறாக ஓடுகிறது என்ற எண்ணத்தில் மேலும் பத்து நாளை வீணாக்கினேன். சோதனை சரியானது, செய்த நேரம் தவறானது என்பது பிறகுதான் புரிந்தது.

கிளாம்ப் மீட்டரை வாங்கியது அந்தப் பத்து நாளின் முடிவில். பயன்படுத்தும் முறை எளிது: ஒரு வயரைக் கவ்வினால் அதில் ஓடும் ஆம்பியர் திரையில் தெரியும். மின்சாரம் வரும் ஃபேஸ் வயரையும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரையும் சேர்த்துக் கவ்வினால், போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் ஒன்றையொன்று ஈடுசெய்து திரை பூஜ்யம் காட்ட வேண்டும். பூஜ்யம் வரவில்லை என்றால், மின்சாரம் வேறு எங்கோ கசிகிறது, அல்லது வேறு எங்கிருந்தோ வந்து சேர்கிறது. ஆனால் படிக்கட்டின் அடியில் உள்ள பழைய மீட்டர் போர்டில், தோல் உரிந்த வயர்களுக்கு நடுவே நானே கையை நீட்டுவது சரியல்ல என்று தோன்றியதால், அந்தப் பகுதியில் நாற்பது ஆண்டுகளாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தேன். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குத்தான் வர முடியும் என்றார். அதுதான் எங்கள் நல்ல காலம்.

அவர் என் கருவியைக் கையில் வாங்குவதற்கு முன்பே மீட்டரைப் பார்த்துவிட்டு, “எர்த் லைட் எரியுது பாருங்க” என்றார். துடிக்கும் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பகலில் பார்த்தபோதெல்லாம் அது அணைந்திருந்தது. மாடியின் மெயினை அணைக்கச் சொன்னார், அணைத்தோம். வீடு முழுவதும் இருண்டது, ஆனால் மீட்டர் விளக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 55 முறை துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கிலோவாட்டுக்குச் சற்று மேல். பிறகு கிளாம்ப் மீட்டரை எங்கள் நியூட்ரல் வயரில் மாட்டினார், 4.5 ஆம்பியர். ஃபேஸ் வயரில் பூஜ்யம். கீழே போய் ஏசியை நிறுத்தச் சொன்னோம். நியூட்ரலும் பூஜ்யமாகி, எர்த் விளக்கும் அணைந்தது.

பங்குனி மாதத்தில் கீழ்வீட்டுக்குப் புதிதாக ஏசி மாட்டினார்கள். அதற்காக வந்தவர் மீட்டர் போர்டிலிருந்து புதிய லைன் இழுத்தபோது, ஃபேஸைக் கீழ்வீட்டு எம்சிபியிலிருந்து (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) சரியாக எடுத்துவிட்டு, நியூட்ரலைப் பக்கத்தில் இருந்த மாடி வீட்டு நியூட்ரல் கட்டையில் முறுக்கிவிட்டார். ஏசி ஓடியது, குளிர்ந்தது, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீடுகளில் இப்போது பொருத்தியிருக்கும் மின்னணு மீட்டர்கள், திருட்டைத் தடுப்பதற்காக, ஃபேஸில் ஓடுவது, நியூட்ரலில் ஓடுவது ஆகிய இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுத்துக்கொள்ளும் வகையில் அமைக்கப்பட்டவை. இரண்டும் வேறுபடும்போது எரிவதுதான் அந்த எர்த் விளக்கு. கீழ்வீட்டு மீட்டர் தன் ஃபேஸ் வழியாகப் போன ஏசியின் மின்சாரத்தைக் கணக்கிட்டது. எங்கள் மீட்டர் தன் நியூட்ரல் வழியாகத் திரும்பிய அதே மின்சாரத்தை மீண்டும் ஒருமுறை கணக்கிட்டது. ஓடிய மின்சாரம் ஒன்று, எழுதிய கணக்கு இரண்டு.

இந்த இடத்தில் இரண்டு துணைச் செய்திகள். எங்கள் மெயின் பழைய வகை; ஃபேஸை மட்டும் துண்டிக்கும், நியூட்ரலைத் தொடாது. இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் இரு துருவ எம்சிபி இருந்திருந்தால், மாடியில் நாங்கள் மெயினை அணைத்த முதல் இரவே கீழே ஏசி நின்று விஷயம் வெளிப்பட்டிருக்கும். கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்திருந்தால் ஏசியைப் போட்ட அந்த நொடியே அது விழுந்திருக்கும். கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பி எங்கள் நியூட்ரலை யாராவது கழற்றியிருந்தால், அந்த வயர் முனையில் முழு மின்னழுத்தமும் நின்றிருக்கும்.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு இனி வரலாம். நான் இரண்டு நாளாக மனத்தில் எழுதி வைத்திருந்த வழக்கு, எங்கள் மின்சாரத்தைக் கீழ்வீட்டார் பயன்படுத்துகிறார்கள் என்பது. அதை முழுவதும் சொல்லக்கூட இல்லை, அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. “நான் உங்க கரண்ட்டைத் திருடினேன்னா சொல்றீங்க?” என்றார். நல்ல வேளையாக எலக்ட்ரீஷியன் கிளம்பியிருக்கவில்லை. இரண்டு வீட்டுக் கட்டணச் சீட்டுகளையும் மேசையில் வைத்துப் பார்த்தபோது, ஏசிக்கு உரிய யூனிட் முழுவதும் அவருடைய சீட்டிலும் இருந்தது. அவர் ஒரு ரூபாய்கூட மிச்சப்படுத்தவில்லை. அவர் கட்டியதையே நாங்களும் கட்டியிருக்கிறோம். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

பகுதி மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்ததில், மீட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, மீட்டருக்குப் பின்னால் உள்ள வயரிங் நுகர்வோரின் பொறுப்பு என்று சொன்னார்கள். முறைப்படி அது சரிதான். ஏசி மாட்டியவர் தொலைபேசியில் ஒரே வாக்கியத்தில் மறுத்துவிட்டு, பிறகு எடுக்கவே இல்லை. மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், பழுதுபார்ப்பை இரண்டு பட்டியலாகப் பிரிக்கிறது. உள்ளும் புறமும் உள்ள மின் வயரிங்கும் அதைச் சார்ந்த பராமரிப்பும் உரிமையாளரின் பக்கம். சுவிட்ச், சாக்கெட், கெய்சர் போன்றவற்றின் பழுது வாடகைதாரரின் பக்கம். ஒப்பந்தத்தில் வேறாக எழுதிக்கொள்ளாதவரை இந்தப் பிரிவினையே செல்லும். ஆகவே ஃபிரிட்ஜின் ரப்பர் கிழிந்து மின்சாரம் வீணானால் அது என் செலவு. போர்டில் நியூட்ரல் மாறியது அவருடைய செலவு. இந்த அளவுக்கு அவரும் மறுப்பில்லாமல் ஒப்புக்கொண்டார். வாடகைத் தகராறில் உரிமையாளர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை, தேவைப்படுபவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

சிக்கல் தொகையில் வந்தது. அதிகமாக ஓடியது 360 யூனிட். அவர் ஒரு யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்து 2,160 ரூபாய் தருவதாகச் சொன்னார். நான் 4,581 ரூபாயிலிருந்து 1,301 ரூபாயைக் கழித்து 3,280 ரூபாய் கேட்டேன். கூடுதல் யூனிட்டுகள் எல்லாம் மேல் படிகளில் போய் விழுந்ததோடு, கீழ்ப் படியில் எங்களுக்கு இருந்த சலுகையையும் பறித்துவிட்டன. ஆகவே சராசரியாக ஒவ்வொன்றும் ஒன்பது ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கிறது என்று படிக்கணக்கை எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என் பில்லுல இதைவிட மேல் படி ஏறியிருக்கு, அதை யாருகிட்ட கேக்குறது?” என்றார். அவருடைய படி ஏறியது அவருடைய ஏசியால் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. வயரிங்கைச் சரிசெய்வது, இரு வீட்டுக்கும் இரு துருவ எம்சிபியும் ஆர்சிசிபியும் போடுவது ஆகிய செலவுகளை அவர் ஏற்று, வாடகையில் 2,500 ரூபாய் கழித்துக்கொள்வது என்று முடிந்தது. 780 ரூபாய் எனக்கு நட்டம் என்றாலும், புதிய போர்டைப் பார்க்கும்போது அது உறுத்தவில்லை.

இங்கே மூன்றாவதாக ஒரு கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணத் தகராறு என்றதும் பலர் பரிந்துரைப்பது துணை மீட்டர். என் நண்பர் குடியிருக்கும் வீட்டில் மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. ஒவ்வொரு போர்ஷனுக்கும் துணை மீட்டர் இருக்கிறது. துணை மீட்டர்கள் நன்றாகவே ஓடுகின்றன, எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வீடும் 300 யூனிட் செலவிட்டால் தனி இணைப்பில் ஆளுக்கு 705 ரூபாய், மூவருக்கும் சேர்த்து 2,115 ரூபாய்தான் வரும். ஒரே இணைப்பில் 900 யூனிட்டாகக் கூடிவிட்டால் 5,820 ரூபாய் வருகிறது. மூன்று 100 யூனிட் இலவசத்துக்குப் பதில் ஒன்றே கிடைக்கிறது, எல்லோரும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கூடுதல் 3,705 ரூபாயைத் துணை மீட்டர் நேர்மையாகப் பங்கு போட்டுத் தரும், குறைத்துத் தராது. வீடு பார்க்கப் போகும்போது ஈபி இணைப்பு தனியா என்று கேட்பதும், இணைப்பு எண்ணை வாங்கிப் பழைய கட்டணங்களைப் பார்ப்பதும், குடிபுகும் நாளின் ரீடிங்கைப் படம் எடுத்துக்கொள்வதும் எந்தத் துணை மீட்டரையும்விட மேலானவை.

என் மதிப்பீடு இது. வாட்மீட்டர்: ஏசியும் கெய்சரும் இல்லாத வீட்டுக்கு, உரிமையாளரிடம் பேசப் போகும்போது கையில் ஒரு கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு, 1,150 ரூபாய் தகும், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இன்னும் தகும். கிளாம்ப் மீட்டர்: கருவி நன்றாக இருக்கிறது, கவ்வும் பகுதி உறுதியாக மூடுகிறது, எலக்ட்ரீஷியனின் பழைய கருவியுடன் ஒப்பிட்டபோது எண்ணும் ஒத்துப்போனது, ஆனால் வாங்க வேண்டாம். வேலை தெரிந்தவரிடம் அது ஏற்கெனவே இருக்கும். அவருக்கு நான் கொடுத்த 800 ரூபாய்தான் இந்தக் கதையில் மிகச் சரியாகச் செலவான பணம். அவரை அழைப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது, இரவில், பக்கத்துப் போர்ஷன்களில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, நம் மெயினை அணைத்துவிட்டு மீட்டரின் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது.

சரிசெய்த பிறகு வந்த முதல் கணக்கெடுப்பில் 426 யூனிட் வந்தது. கிளாம்ப் மீட்டரைத் திருப்பி அனுப்ப முயன்றேன். பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்று விற்றவர் எடுத்துக்கொள்ளவில்லை.